முகத்திரைக்குத் தடை போட்டால் வீட்டுக் கதவு மூடிக் கொள்ளும்!

பொது இடங்களில் முகத்தை மூடும் மத உடையைத் தடை செய்ய வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. பஸ்சிலும், டீக்கடையிலும், 'டிவி' விவாதத்திலும் இதைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான். உடுத்துகிற பெண்களைக் கேட்பவர் குறைவு. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் பத்தாவது வரை படித்த, முஸ்லிம் குடும்பத் தலைவி. வெளியே போனால் பர்தா போடுவேன், முகத்தை மூடுவதில்லை. என் ஓரகத்தியோ, கண் மட்டும் தெரிய முகத்தை மூடிக் கொள்வாள். ஒரே வீடு, ஒரே மார்க்கம். பழக்கம் மட்டும் வேறு. அவள் என்னைக் குறை சொன்னதில்லை. நானும் அவளைச் சொன்னதில்லை.

அவள் வீட்டுக்காரர் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். ரேஷன் கடை, பாங்க், கரன்ட் பில், மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது, பிள்ளைகளின் பள்ளிக்கூட மீட்டிங்... எல்லாம் அவள்தான். நாளைக்கே தடைச் சட்டம் வந்தால், அவள் முகத்தைத் திறந்து கொண்டு கள்ளக்குறிச்சி பஸ்சில் ஏறுவாள் என்றா நினைக்கிறீர்கள்? ஏற மாட்டாள். வீட்டோடு இருந்து விடுவாள். 'விடுதலை தருகிறோம்' என்று சொல்லி, அவள் போய் வருகிற நாலு இடத்தையும் பிடுங்கிக் கொள்வது என்ன நியாயம்?

இது நான் கற்பனையாகச் சொல்வதல்ல. 1936ல் ஈரான் நாட்டு மன்னர் ரேசா ஷா, பெண்கள் முக்காடே போடக் கூடாது என்று உத்தரவு போட்டார். தெருவில் போலீசாரே பெண்களின் துணியை உருவினர். அதற்குப் பயந்து எத்தனையோ பெண்கள் வெளியே வருவதையே நிறுத்தி விட்டனர். பிறகு, 1979ல் ஆட்சி மாறியது. சில வருடங்களிலேயே, முக்காடு போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் வந்தது. முக்காடு சரியில்லை என்று பிடித்துப் போகப்பட்ட 22 வயதுப் பெண் மாஷா அமினி, 2022 செப்டம்பரில் காவலில் இருந்தபோது இறந்தாள். ஒரு அரசு 'கழற்று' என்றது. இன்னொரு அரசு 'போடு' என்றது. இரண்டிலும் அடி வாங்கியது பெண்தான்!

'பாதுகாப்புக்காகத்தான் தடை கேட்கிறோம்' என்பர் சிலர். பக்கத்து நாடான இலங்கையைப் பார்ப்போம். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் அன்று தேவாலயங்களிலும், ஓட்டல்களிலும் குண்டு வெடித்து, 250க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நினைத்தாலே நெஞ்சு பதறும் கொடுமை அது. எட்டே நாளில், முகத்தை மூடத் தடை வந்தது. ஆனால், அந்தத் தேவாலயங்களுக்கும் ஓட்டல்களுக்கும் குண்டோடு போனவர்கள் ஆண்கள். முகத்திரை போட்டு வந்தவர்கள் அல்ல. தடை என்னவோ முகத்திரைக்கு மட்டும்தான். ஆனால், வெறும் முக்காடு போட்டிருந்த பெண்களும் பல இடங்களில் தடுக்கப்பட்டனர், ஏச்சு வாங்கினர்.

நம் ஊர்ப் பக்கமும் இதே கதைதான். தடைச் சட்டம் எதுவும் இல்லாதபோதே, 2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில், மதுரை மாவட்டம் மேலூரில், ஓட்டுப் போட வந்த பெண்ணிடம் ஹிஜாபைக் கழற்றச் சொல்லித் தகராறு செய்தார், ஒரு கட்சியின் பூத் ஏஜென்ட். மற்ற கட்சி ஏஜென்ட்டுகளும், அதிகாரிகளும் சேர்ந்து அவரைக் கண்டித்தனர்; போலீசார் அவரை வெளியேற்றினர். 2023 மார்ச்சில், வேலூர் கோட்டைக்கு வந்த பெண்ணை ஹிஜாபைக் கழற்றச் சொல்லி, அதைப் படம் பிடித்தது ஒரு கும்பல். போலீசார் கைது செய்தனர். சட்டம் நம் பக்கம் இருக்கும்போதே இப்படி என்றால், 'தடை' என்று ஒரு சட்டம் வந்து விட்டால், தெருவில் போகிறவர் எல்லாரும் போலீஸ் ஆகி விட மாட்டார்களா?

அதற்காக, எங்கேயும் முகத்தைக் காட்ட மாட்டோம் என்பதும் சரியில்லை. வாக்காளர் பட்டியலில் முஸ்லிம் பெண்களின் போட்டோ வேண்டாம் என்று போட்ட வழக்கை, 2006ல் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. அது சரியான தீர்ப்பு என்பேன். ஓட்டுச் சாவடி, பாங்க், விமான நிலையம், பரீட்சை ஹால் என ஆளைத் தெரிந்து கொள்ள வேண்டிய இடத்தில், ஒரு பெண் அதிகாரியை வைத்துப் பார்க்கட்டும். நாமும் முகம் சுளிக்காமல் காட்டுவோம். ஹஜ் பயணத்தில் இஹ்ராம் நிலையில் இருக்கும்போது, பெண்கள் நிகாப் போடக் கூடாது என்று மார்க்கமே சொல்கிறதே! ஒரு நிமிடம் முகத்தைக் காட்டுவதால் ஈமான் போய் விடாது.

முகம் மூடியவரைக் கண்டாலே பயமாக இருக்கிறது என்போருக்கு ஒன்று... 2020ல் கொரோனா வந்தபோது, முகத்தை மூடாதவருக்குத்தான் இங்கே 200 ரூபாய் அபராதம்! வெயிலுக்கும் தூசிக்கும் பயந்து, ஸ்கூட்டியில் போகும் பெண்கள் துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக் கட்டிக் கொள்வதை, நம் சேலம் ரோட்டில் தினமும் பார்க்கிறோம். அவர்களைக் கண்டு யாராவது பயந்தோமா?

கடைசியாக, நம் வீட்டு ஆண்களுக்கும், மாமியார்களுக்கும் ஒரு வார்த்தை. பிரான்சில் 2011 முதல் நடப்பில் உள்ள தடைச் சட்டத்தில், முகம் மூடும் பெண்ணுக்கு 150 யூரோ வரை அபராதம். அதை நான் ஒத்துக் கொள்ள மாட்டேன். ஆனால், மிரட்டி முகத்தை மூட வைப்பவருக்கு ஒரு வருடம் வரை ஜெயில் என்றும் அந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. அது எனக்குப் பிடித்திருக்கிறது! 'மூடலேன்னா காலேஜுக்கு அனுப்ப மாட்டேன்' என்று சொல்கிற வீடுகள் நம்மிடமும் உண்டு. 'மூடினா உள்ளே விட மாட்டேன்' என்பவருக்கும் இவர்களுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? இரண்டிலும் படிப்பு போவது பெண் பிள்ளைக்குத்தான்.

என் நன்னி காலத்தில் இந்தக் கறுப்பு அங்கியே கிடையாது. சேலைக்கு மேல் வெள்ளைத் துப்பட்டிதான். என் அம்மா காலத்தில்தான் அது மாறியது. என் மகள் காலத்தில் எப்படி ஆகுமோ, அதை அவள் முடிவு செய்யட்டும். சர்க்கார் செய்ய வேண்டியது, அவளுக்குப் பள்ளிக்கூடமும், பயமில்லாமல் போய் வர பஸ்சும், கையில் ஒரு வேலையும் கொடுப்பதுதான். உடுப்பை அவள் பார்த்துக் கொள்வாள்!

- ஒரு வாசகி,
எலவனாசூர்கோட்டை.