பெயரைப் பார்த்துச் சிரிக்கும் முன்

ஆங்கிலத்தில் சொர்க்கத்தைக் குறிக்கும் 'ஹெவன்' என்ற சொல்லை ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு கடைசி எழுத்தில் தொடங்கி முதல் எழுத்து வரை திருப்பி எழுதுங்கள். கிடைப்பதை 'நெவேயா' என்று வாசிக்க வேண்டும். அமெரிக்காவில் இது பெண் குழந்தையின் பெயர். ஓரிருவர் விளையாட்டாக வைத்த பெயர் என்று எண்ணிவிட வேண்டாம். 1999-இல் அந்த நாட்டில் எட்டே குழந்தைகளுக்குத்தான் இந்தப் பெயர் சூட்டப்பட்டது. 2005-இல் 4,457 குழந்தைகளுக்குச் சூட்டப்பட்டது. 2010-இல் பெண் குழந்தைப் பெயர்களின் வரிசையில் 25-ஆவது இடத்தையே பிடித்துவிட்டது.

இடையில் நடந்தது ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி. பி.ஓ.டி. என்ற கிறிஸ்துவ ராக் இசைக்குழுவின் பாடகர் சன்னி சாண்டோவால், 2000-ஆம் ஆண்டில் எம்டிவியில் பிரபலங்களின் வீடுகளைச் சுற்றிக் காட்டும் நிகழ்ச்சியில் தன் பச்சிளங்குழந்தையோடு தோன்றினார். மகளின் பெயர் நெவேயா, அது ஹெவனைத் திருப்பிப் போட்டது என்று சொன்னார். பெயரை அவர்தாம் கண்டுபிடித்தார் என்பதில்லை. அவருக்கு முன்பே அந்த எட்டுப் பேர் இருந்தார்கள். ஆனால் 2001-ஆம் ஆண்டுப் பட்டியலில் அந்தப் பெயர் முதல் ஆயிரத்துக்குள் புகுந்து, நேராக 266-ஆவது இடத்தில் போய் உட்கார்ந்தது. பெயர்கள் பொதுவாகப் படிப்படியாகத்தான் ஏறும். இப்படித் தாவி ஏறுவது அபூர்வம்.

ஏறிய வேகத்திலேயே கிண்டலும் வந்தது. சொர்க்கத்தைத் தலைகீழாக்கினால் நரகம்தானே என்றார்கள். வேர்ச்சொல் இல்லை, வரலாறு இல்லை, யாரோ உட்கார்ந்து இட்டுக்கட்டிய பெயர் என்றார்கள். பெயர் வைத்தவர்களில் சிலர் எழுத்துகளை இடம் மாற்றிப் பதிந்துவிட, அந்தப் பிழையான வடிவமும் தனிப் பெயராகவே பரவியது. அதைத் திருப்பி வாசித்தால் சொர்க்கம் கிடைக்காது. கேலி செய்தவர்களுக்கு அதுவும் அவல் ஆனது.

இட்டுக்கட்டிய பெயர் என்பதுதான் குற்றம் என்றால், வனெசாவை என்ன செய்வது? ஆங்கில எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட், தமக்கு நெருக்கமான எஸ்தர் வேன்ஹோம்ரி என்ற பெண்ணின் பெயரிலிருந்து ஆளுக்கொரு துண்டை வெட்டி ஒட்டிச் செய்த பெயர் அது. வெண்டி என்ற பெயரைப் பரப்பியது ஜே. எம். பேரியின் 'பீட்டர் பேன்' நாடகம். 1904-இல்தான் அது மேடையேறியது. நண்பன் என்பதற்கான ஆங்கிலச் சொல்லைச் சரியாகச் சொல்ல வராத ஒரு சிறுமியின் மழலையிலிருந்து அவர் அந்தப் பெயரை எடுத்தார் என்பார்கள். இன்று வனெசா என்றோ வெண்டி என்றோ ஒரு பெண் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஸ்விஃப்ட் இட்டுக்கட்டினால் இலக்கியம். சாதாரணக் குடும்பத்துத் தாய் இட்டுக்கட்டினால் ரசனைக் குறைவு. நெவேயாவை விரும்பி வைத்தவர்களில் பலர் கிறிஸ்துவப் பற்றுள்ள மக்கள். அவர்களில் கறுப்பினத்தவரும் ஏராளம். பெயரின் பொருளைக் காட்டிலும், அதை வைத்தவர் யார் என்பதைப் பார்த்துத்தான் நாம் சிரிக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெயருக்காகச் சிரிப்பதோடு மட்டும் நின்றால் தாங்கிக்கொள்ளலாம். 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பொருளாதாரம் படிக்கும் மாணவர்கள் அறிந்திருப்பார்கள். மரியன் பெர்ட்ராண்டும் தமிழ்நாட்டில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த செந்தில் முல்லைநாதனும் சேர்ந்து செய்தது. சிகாகோ, பாஸ்டன் நகரங்களின் நாளிதழ்களில் வந்த வேலை விளம்பரங்களுக்கு, கற்பனையான சுமார் 5,000 விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதிகளில் வேறுபாடு இல்லாதபடி பார்த்துக்கொண்டு, எமிலி, கிரெக் போன்ற வெள்ளையர் பெயர்களையும் லகீஷா, ஜமால் போன்ற கறுப்பினப் பெயர்களையும் மாற்றி மாற்றி வைத்தார்கள். எமிலிகளுக்கு ஏறக்குறைய பத்து விண்ணப்பத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. லகீஷாக்கள் ஓர் அழைப்புக்குப் பதினைந்து விண்ணப்பம் அனுப்ப வேண்டியிருந்தது. விண்ணப்பத்தைப் பார்த்தவர் வாய்விட்டுச் சிரித்தாரா, மனத்துக்குள் சிரித்தாரா, யாருக்குத் தெரியும்? அழைப்பு வரவில்லை என்பதுதான் கணக்கு.

அது அமெரிக்கக் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். நம் வீட்டில் பழைய பெட்டிக்குள் இருக்கும் பிறப்புச் சான்றிதழ்களையும் அடையாள அட்டைகளையும் எடுத்துப் பாருங்கள். தோட்டப்புறத்தில் பால்மரம் வெட்டிய தலைமுறையின் பெயர்கள் அதில் இருக்கும். குப்பம்மாள், பிச்சை, மூக்கன், மூக்காயி. இந்தப் பெயர்களைச் சொல்லிச் சிரிக்காத பேரப்பிள்ளைகள் குறைவு. தமிழ்த் திரைப்படங்களில் நகைச்சுவைப் பாத்திரங்களுக்கு இந்தப் பெயர்களைத்தான் தேடிப் பிடித்து வைத்தார்கள்.

குப்பம்மாள் என்று ஏன் வைத்தார்கள்? முன்பு பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில் இன்னொரு பிள்ளை பிறக்கிறது. ஆசையாக ஒரு பெயர் வைத்தால் எமனின் கண் பட்டுவிடுமோ என்று பயம். குழந்தையைக் குப்பையில் கிடத்தி எடுத்து, இது குப்பை, இதை யாரும் கொண்டுபோக வேண்டாம் என்று சொல்வதுபோல் குப்பன், குப்பம்மாள் என்று பெயரிட்டார்கள். அடுத்தவர் கையில் கொடுத்துப் பிச்சையாகத் திரும்ப வாங்கினால் பிச்சை. சாவை ஏமாற்ற மூக்கைக் குத்தினால் மூக்கன், மூக்காயி. இந்தப் பிள்ளையாவது தங்கட்டும் என்ற மன்றாட்டைத்தான் அவர்கள் பெயராக வைத்தார்கள். மகளைச் சொர்க்கத்தோடு சேர்த்து அழைக்க விரும்பிய அந்த அமெரிக்கத் தாய்க்கும் குப்பம்மாளின் தாய்க்கும் இடையே தூரம் அதிகமில்லை. ஒருத்தி சொல்லைத் திருப்பினாள், இன்னொருத்தி பொருளைத் திருப்பினாள்.

2006-ஆம் ஆண்டில் நம் தேசியப் பதிவு இலாகா, குழந்தைகளுக்கு வைக்கத் தகாத பெயர்கள் எவை என்று ஒரு வழிகாட்டியை அறிவித்தது. விலங்கு, பூச்சி, பழம், காய்கறி, நிறம் ஆகியவற்றின் பெயர்கள் வேண்டாம், எண்களும் வேண்டாம். பிள்ளைகள் பின்னாளில் கேலிக்கு ஆளாகக்கூடாது என்பது நோக்கம், நல்ல நோக்கம்தான். ஆனால் அப்போது வந்த செய்திகளில் தகாத பெயருக்கு எடுத்துக்காட்டாகக் காட்டப்பட்ட தமிழ்ப் பெயர் கருப்புசாமி! 'கறுப்புக் கடவுள்' என்று அதற்குப் பொருளும் சொல்லப்பட்டது. ஊர் எல்லையில் நின்று காக்கும் தெய்வத்தின் பெயர், கப்பலேறி வந்தவர்கள் தோட்டங்களுக்கும் கூடவே கொண்டுவந்த பெயர், மொழிபெயர்ப்பில் அவமானமாகிவிட்டது. இப்படிச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் கனிமொழியும் மயில்வாகனமும்கூட அகப்பட்டுக்கொள்வார்கள்.

நம்மவர்கள் சிரிக்கும் இன்னொரு வகை, எண்கணிதம் பார்த்து வைக்கும் பெயர்கள். எந்த மொழியிலும் பொருள் இல்லாமல் 'ஷ்' என்றும் 'த்ர' என்றும் ஒலித்து, ஆங்கிலத்தில் எழுதும்போது தேவையற்ற எழுத்துகள் இரண்டை வாலாகச் சேர்த்துக்கொள்ளும் பெயர்கள். என் பிள்ளைக்கு நான் அப்படி வைக்கமாட்டேன். யாழினி, இனியன், முகிலன், வெண்பா என்று கேட்டவுடன் பொருள் விளங்கும் பெயர்கள் இருக்கும்போது எனக்கு வேறு தேவையில்லை. இந்தப் பெயர்களும் வானத்திலிருந்து விழவில்லை. 1916-இல் வேதாசலம் தம்மை மறைமலை அடிகள் ஆக்கிக்கொண்ட காலத்திலிருந்து ஒரு தலைமுறை துணிந்து புதுப்பெயர் சூடியது. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், இராமையா அன்பழகன் ஆனார். அன்று அவை காதுக்குப் புதிது. தமிழ்ப் பெயருக்காகப் பெற்றோரிடம் வாதாடலாம், பெயர் பதிவதற்கு முன் அத்தையும் மாமாவும் சண்டைகூடப் போடலாம். ஆனால் பதிந்த பிறகு அது பெற்றோரின் முடிவாக மட்டும் இருப்பதில்லை. அந்த எழுத்துகளைச் சுமந்துகொண்டு படிவம் ஒன்றில் வந்து உட்காரும் பிள்ளையின் உடைமை அது. தமிழ்ப் பற்றின் பெயரால் அந்தப் பிள்ளையைக் கிண்டல் செய்வதால் தமிழுக்கு ஒரு பலனும் இல்லை.

அப்படியானால் எந்தப் பெயரையும் குறை சொல்லவே கூடாதா? சொல்லலாம். தமிழ்நாட்டில் அடுத்தடுத்துப் பெண்ணாகவே பிறந்த வீடுகளில் வேண்டாம் என்றும் போதும்பொண்ணு என்றும் பெயர் வைத்தார்கள். குப்பம்மாள் என்ற பெயர் பிள்ளையைத் தக்கவைத்துக்கொள்ள வைத்தது. இதுவோ, நீ வந்திருக்கவே கூடாது என்று அவளிடம் ஒவ்வொரு நாளும் சொல்லும் பெயர். நெவேயாவில் எழுத்து மட்டும்தான் தலைகீழ்; இங்கே பாசமே தலைகீழாகிவிட்டது. கோபப்பட வேண்டிய பெயர் இருக்குமானால் அது இதுதான். அந்தக் கோபமும் பெயரை வைத்தவர்கள்மேல் போக வேண்டியது. வகுப்பில் வருகைப் பதிவேட்டை வாசிக்கும்போது எழுந்து நின்று பதில் சொல்பவள் அவள்தான். பின்வரிசையில் எழும் சிரிப்பு அவளுடைய பெற்றோரின் காதுக்கு எட்டப்போவதில்லை.