ஓடுகிற இயந்திரத்தைத் தொடலாமா?

பட்டுப்புழு வளர்க்கும் நம் அங்கத்தினர், புதிய முட்டைத் தொகுதி வருமுன் வளர்ப்பு மனையைக் கழுவி மருந்து தெளிப்பர். சென்றமுறை நோய் வரவில்லையே என்று அவ்வேலையைத் தள்ளிப் போடுவதில்லை. நூலுக்குச் சாயமேற்றுவோர், புதிய சாயத்தை முதலில் ஒரு சிட்டத்தில் தோய்த்துப் பார்த்த பின்னரே முழு நூலையும் தொட்டியில் இடுவர். தடுப்பும் சோதனையுமாகிய இவ்விரு பழக்கங்களையும் தொழிலில் கைக்கொள்ளும் நாம், சங்கத்தின் கணக்குகளைத் தாங்கும் சர்வர் விஷயத்தில் மட்டும் இரண்டையும் மறந்துவிடுகிறோம்.

சர்வரை இயக்கும் அடிப்படை மென்பொருளாகிய இயங்குதளத்தில், திருடர் நுழையத்தக்க ஓட்டைகள் அவ்வப்போது கண்டுபிடிக்கப்படுகின்றன. அவற்றை அடைப்பதற்கு, அதனை ஆக்கியோர் வெளியிடும் திருத்தமே ‘பேட்ச்’ எனப்படுவது. விண்டோஸுக்குரிய பேட்ச்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது.

ஆய்வுக்குச் செல்லுமிடங்களில் இதுபற்றி வினவினால் பெரும்பாலும் கிடைக்கும் விடை ஒன்றே: “நன்றாக ஓடுகிறது ஐயா, எதற்குத் தொட வேண்டும்?” இவ்வெண்ணத்தின் விலையை உலகம் 2017-இல் கண்டது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலேயே ஓர் ஓட்டைக்குப் பேட்ச் வெளியாயிற்று. அதனைப் போடாதிருந்த கணிப்பொறிகளை மே 12-ஆம் நாள் ‘வான்னாக்ரை’ என்னும் நச்சுநிரல் தாக்கிக் கோப்புகளைப் பூட்டி, பணயப் பணம் கேட்டது. ஏறத்தாழ 150 நாடுகள் பாதிக்கப்பட்டன. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பியனுப்ப நேர்ந்தது.

எனினும் அஞ்சுவோர் கூற்றிலும் நியாயமுண்டு. 2024 ஜூலை 19-ஆம் நாள், கிரௌட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான திருத்தம் ஒன்றினால் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் செயலிழந்தன. நம் நாட்டு விமான நிலையங்களிலும் பயணிகளுக்குக் கையால் சீட்டெழுதித் தந்தனர். அது இயங்குதளத்தின் பேட்ச் அன்று. ஆயினும் எல்லா இயந்திரங்களிலும் ஒரே வேளையில் புகுத்தப்பட்டதே சேதத்தைப் பெருக்கிற்று என்பது நமக்கும் பாடமாகும்.

ஆகவே, போடாதிருப்பதும் தவறு, கண்ணை மூடிக்கொண்டு போடுவதும் தவறு. போடும் முறை எளியது. முதலில் கணக்கு முழுவதையும் நகலெடுத்து, அந்நகலைச் சர்வரோடு இணைக்கப்படாத தனி இடத்தில் வைக்க வேண்டும். இரண்டாவது, முக்கியமில்லாத ஒரு கணிப்பொறியில் பேட்சைப் போட்டுச் சில நாள் கவனிக்க வேண்டும். மூன்றாவது, கூலிப் பட்டுவாடாவும் நகைக்கடன் அலுவலும் இல்லாத விடுமுறை நாளில் சர்வரில் போட வேண்டும். நான்காவது, அலுவல் தொடங்குமுன் இருப்பையும் பேரேட்டையும் சரிபார்த்து, பழுது காணின் பழைய நிலைக்கு மீட்க வேண்டும். இறுதியாக, நாளும் செய்தவர் பெயரும் பதிவேட்டில் ஏற வேண்டும்.

நகலெடுத்தல் மட்டும் போதாது, அது திறக்கிறதா என்றும் பார்த்தல் வேண்டும். ஒரு சங்கத்தில், நகல் தட்டு பெட்டியில் பத்திரமாக இருந்தது. என் முன்னிலையில் திறக்க முயன்றபோதோ, பல மாதங்களாக அதில் ஒன்றும் பதிவாகவில்லை என்பது வெளிப்பட்டது. அன்று சர்வர் பழுதுற்றிருந்தால், அங்கத்தினர் செலுத்திய தவணைகளுக்குச் சாட்சியாக அவர்கள் கையிலிருந்த இரசீதுகளே எஞ்சியிருக்கும்.

எங்கள் சர்வர் வெளியிலுள்ள நிறுவனத்திடம் இருக்கிறது என்போரும் கவலையற்றிருக்க இயலாது. வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவையளிக்கும் சி-எட்ஜ் நிறுவனம் 2024 ஜூலை மாத இறுதியில் பணயத் தாக்குதலுக்கு உள்ளானபோது, கூட்டுறவு வங்கிகள் உட்பட ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் பணப்பட்டுவாடாச் சேவை தடைப்பட்டு, ஆகஸ்டு 1-ஆம் நாளே மீண்டது. வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கலாம், பொறுப்பை ஒப்படைக்க முடியாது.

பணப்பெட்டியின் சாவி யாரிடம் உள்ளது என்பதை நிர்வாகக் குழு எவ்வளவு கண்டிப்புடன் கேட்கிறதோ, அவ்வளவு கண்டிப்புடன் இதனையும் மாதந்தோறும் கேட்க வேண்டும். குழு கேட்கவில்லையெனில், அடுத்த பேரவைக் கூட்டத்தில் அங்கத்தினர் எழுந்து இரண்டு கேள்விகள் கேட்பாராக: கடைசியாகப் பேட்ச் போட்டது எந்நாள்? நகலைத் திறந்து பார்த்தது எந்நாள்? அவ்விரு நாள்களையும் தயக்கமின்றிச் சொல்ல வல்ல சங்கத்திலேயே நம் உழைப்பின் கணக்கு பத்திரமாக இருக்கும்.