போகப்போகச் சரியாகிவிடும் என்பது விடையாகாது

சரக்கு மற்றும் சேவை வரி 2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, கணக்குத் தாக்கல் அனைத்துக்கும் ஒரே வாசலாக அமைந்த இணையதளம் முதல் மாதங்களில் அடிக்கடி முடங்கியது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல் தொழில் வட்டாரத்தில் (அன்று இவை மூன்றும் வேலூர் மாவட்டத்திலேயே இருந்தன) அந்தத் தடுமாற்றத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், புதிய கணினி அமைப்பு என்றால் தொடக்கத்தில் அப்படித்தான் இருக்கும், பழகிக்கொண்டால் போகப்போகச் சரியாகிவிடும் என்ற பதிலே இன்றும் சொல்லப்படுகிறது.

தடுமாறுவது இயல்பு என்பதை மறுப்பாரில்லை. ஆனால் புதிய ரசாயனக் கலவையை டேனரியில் முதல் நாளே பெரிய டிரம்மில் கொட்டுவதில்லை. சில தோல்களில் சோதித்த பிறகே முழுச் சரக்குக்கும் போவார்கள். வரித் தளத்திலோ சோதனையும் கெடு நாளும் சேர்ந்தே வந்தன. ஜூலை மாதச் சுருக்கக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்துக்கு ஆகஸ்ட் 20 கடைசி நாள் என்றிருக்க, அதற்கு முந்தைய நாள் தளம் முடங்கியதால் கெடு 25 வரை நீட்டிக்கப்பட்டது. லாரியில் சரக்கு புறப்படுமுன் இணையத்தில் எடுக்க வேண்டிய இ-வே பில், 2018 பிப்ரவரி 1 அன்று தொடங்கி அன்றைக்கே நின்றது. பிறகு ஏப்ரல் 1 முதல் மாநிலங்களுக்கிடையேயும், ஜூன் 2 முதல் தமிழ்நாட்டுக்குள்ளும் எனப் படிப்படியாக வந்தது. படிப்படியாக வர முடியும் என்பது விழுந்த பிறகுதான் தெரிய வேண்டுமா என்ன?

பிழைகளில் பெரும்பாலானவை பயன்படுத்துவோர் செய்தவை என்பது அடுத்த வாதம். ஏற்றுமதியாளர் கட்டிய ஒருங்கிணைந்த வரி திரும்பக் கிடைக்க, சுங்கத் துறையின் ஷிப்பிங் பில்லும் வரித் தளத்தில் ஏற்றிய விலைப்பட்டியலும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும் என அமைப்பு எதிர்பார்த்தது. ஏற்றுமதித் தொழிலிலோ வரிக்கு ஒரு விலைப்பட்டியலும், வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேறு எண்ணில் இன்னொன்றும் போடும் வழக்கம் பரவலாக இருந்தது. ஷிப்பிங் பில்லில் இரண்டாவது எண் ஏறியிருந்தால், ‘எஸ்பி005’ என்ற பிழைக் குறியீட்டோடு பணம் நின்றுவிடும். தோலின் தரத்திலோ, தொகையிலோ, கப்பலேறிய நாளிலோ எந்தக் கோளாறும் இராது. எண்கள் இரண்டும் பொருந்தவில்லை, அவ்வளவுதான். 2018 பிப்ரவரி 23 அன்று சுங்கத் துறை வெளியிட்ட சுற்றறிக்கை, இரு எண்களுக்குமான ஒப்பீட்டுப் பட்டியலைப் பெற்று அதிகாரியே கையால் சரிசெய்ய வழிவகுத்தது. தொழிலின் வழக்கம் அறியாமல் வடிவமைத்த குறை அது என்பதற்கு அந்தச் சுற்றறிக்கையே சான்று.

வரவேண்டியது ஒருநாள் வந்துவிடும் என்போர், பச்சைத் தோல் வாங்கிய கடனுக்கு வட்டி அந்த ஒருநாள் வரை நிற்காது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

உதவி மையம் இருந்ததே என்ற வாதத்துக்கு டிரான்-1 வரலாறு போதும். பழைய வரிகளில் மிஞ்சிய வரவைப் புதிய முறைக்கு மாற்றும் இப்படிவத்தைத் தளக் கோளாற்றால் தாக்கல் செய்ய இயலாதவர்களுக்காக 2018 ஏப்ரலில் ஒரு குறைதீர் குழு அமைந்தது. ஆனால் முயன்றதற்கான சான்றைத் தர வேண்டியவர் வரி செலுத்துபவரே. உச்ச நீதிமன்றம் 2022 ஜூலை 22 அன்று ஆணையிட்ட பின்னர்தான், அவ்வாண்டு அக்டோபர், நவம்பரில் வாசல் மீண்டும் திறந்தது. ஐந்தாண்டுகளுக்குப் பிறகு கிடைப்பதை உதவி என்று அழைப்பது கடினம். தளம் ஒரு வசதி மட்டுமே, கணக்கு வைப்பது வணிகரின் கடமை என்று அதே நீதிமன்றம் 2021 அக்டோபரில் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் வழக்கில் கூறியது உண்மைதான். ஆயினும் தளத்தைத் தவிர வேறு வாசலே இல்லாத இடத்தில், கணக்கைச் சரியாக வைத்திருந்தவரும் வெளியேதான் நின்றார்.

போகப்போகச் சரியாயிற்றா என்பதே இறுதிக் கேள்வி. ஒரு தோல் ஒரே டேனரியில் முடிவதில்லை. சாயமேற்றவும் மெருகிடவும் ஜாப் ஒர்க் எனப்படும் கூலி வேலைக்கு வேறிடம் செல்லும். அப்படிச் சென்றதையும் திரும்பியதையும் சலான் வாரியாகக் காட்ட ஐடிசி-04 என்ற காலாண்டுப் படிவம் வந்தது. அதன் கெடு பலமுறை தள்ளிப்போன பின், 2017 ஜூலை முதல் 2019 மார்ச் வரையிலான ஏழு காலாண்டுகளுக்கு அதைத் தாக்கல் செய்யவே வேண்டாம் என்று 2019 ஆகஸ்ட் 31 அன்று அறிவிக்கை வெளியாயிற்று.