படத்தின் பின்புறம்

நம் குடும்பங்களைச் சேர்ந்த பிள்ளைகளுள் சிலர் மாதச் சம்பளத்தை விடுத்துப் புகைப்படத் தொழிலில் தனியே இறங்கியிருக்கின்றனர். கடை இல்லை, பெயர்ப் பலகை இல்லை, கையில் ஒரு காமிராவும் அதன்மேல் ஒரு கடனுமே உண்டு. “கைபேசியில் எத்தனையோ படங்களைப் போட்டுவிட்டேன், ஒரு கல்யாணம்கூட வரவில்லையே” என்று அவர்களுள் ஒருவர் என்னிடம் வருந்தினார். அவருக்குச் சொன்னதை இத்திங்கள் யாவருக்குமாக எழுதுகிறேன்.

அச்சுக்கும் புகைப்படத்துக்கும் உள்ள உறவு பழையது. பாரிஸ் நகரத்துத் திஸ்தேரி என்பவர் 1854-இல், ஒரே தகட்டில் பல சிறு படங்கள் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அப்படங்களை விஸிட்டிங் கார்டு அளவுள்ள அட்டைகளில் ஒட்டினர். அட்டையின் பின்புறத்தில் ஸ்டூடியோவின் பெயரும் முகவரியும் அச்சாகிவந்தன. உற்றார் உறவினர் படங்களைப் பரிமாறிக்கொண்டபோது முகவரியும் உடன் சென்றது. நம் நாட்டிலோ, இந்தூரில் பொதுப்பணித் துறை ஊழியராயிருந்த லாலா தீன் தயாள் (1844–1905), அவ்வேலையை விட்டுப் புகைப்படக்காரராகி, 1896-இல் இம்மும்பையிலும் ஸ்டூடியோ திறந்தார். அவருடைய பட அட்டைகளிலும் நிறுவனத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். (உத்தியோகத்தை விட்டவர் என்பதால் என்போன்ற குமாஸ்தாக்களுக்கு அவர்மீது சற்றுப் பொறாமையும் உண்டு!)

இம்முறை இன்றும் பயன்படும். வெறும் பெயர் மட்டும் அச்சிட்ட கார்டு சட்டைப்பையோடு சலவைக்குப் போய்விடும். நாலுக்கு ஆறு அங்குலத்தில் நல்ல படம் ஒன்றை அச்சிட்டு, அதன் பின்புறத்தில் பெயரையும் தொலைபேசி எண்ணையும் போட்டுக் கொடுத்தால், அதை எறிய எவருக்கும் மனம் வராது. அந்த அளவுக்குப் படம் 1800-க்கு 1200 புள்ளிகளேனும் உடையதாயிருத்தல் நலம். வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படத்தை அச்சகத்தில் கொடுத்தால் முகம் மங்கித் தொழிலையே பழிக்கும். செய்தித்தாளுக்குள் செருகும் மலிவுத் துண்டு நோட்டீஸில் எனக்கு நம்பிக்கையில்லை. மட்டமான தாளில் மணப்பெண்ணின் முகத்தைப் பார்த்து யார் அழைப்பார்?

யாருடைய படத்தை அச்சிடுவது? இங்கேதான் பிள்ளைகள் இடறுகின்றனர். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் பதிப்புரிமை, வேறு உடன்படிக்கை இல்லாவிடில், அவரையே சேரும், எடுத்தவரைச் சேராது. ஆகவே, முன்பணம் வாங்கும் நாளிலேயே, “என் விளம்பரத்தில் இப்படங்களைப் பயன்படுத்தலாம்” என்று எழுத்து மூலம் இசைவு பெறுக. பெண்ணைப் பெற்றவர் வேண்டாமென்றால் வற்புறுத்தலாகாது. அயலூரில் நாம் ஒருவரையொருவர் நம்பி வாழ்கிறோம். ஒரு வீட்டு மனத்தாங்கல் மாடுங்காவிலிருந்து செம்பூருக்கு அன்று மாலையே போய்ச் சேரும்.

கார்டில் ஒரு பக்கம் தமிழும் மறுபக்கம் இந்தியோ மராத்தியோ இருக்கட்டும். அடுத்த வீட்டு மராத்தியக் குடும்பத்திலும் கல்யாணம் நடக்குமல்லவா?

எல்லாவற்றினும் காலண்டரே நீடித்து நிற்பது. இராகுகாலம் பார்க்க இல்லத்தரசி நாள்தோறும் அதன் முன் நிற்கிறாள். ஆடிப்பெருக்கை ஒட்டிச் சிவகாசி அச்சகத்தார் மாதிரி ஆல்பங்களை வெளியிடுவது வழக்கம். அப்போதே விசாரிக்கத் தொடங்குக. தனியொருவருக்குச் செலவு மிகுமாயின், கல்யாணச் சமையற்காரர், பூ அலங்காரக்காரர், நாதஸ்வரக்காரர் ஆகியோருடன் கூடி ஒரே காலண்டரில் நால்வர் பெயரையும் அச்சிடலாம்; படம் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.