பெயர் அறியேன்



பழைய ஐரோப்பிய ஆவணங்கள் சிலவற்றில், பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'என். என்.' என்னும் இரண்டே எழுத்துகள் நிற்கக் காணலாம். 'நோமென் நேஷியோ' என்னும் இலத்தீன் தொடரின் சுருக்கம் அது. 'நோமென்' என்றால் பெயர். 'நேஷியோ' என்றால் அறியேன். ஆள் இன்னார் எனத் தெரியாதபோது சட்டம் கையாண்ட சொல் இது.

குருமடத்தில் இலத்தீன் இலக்கணம் பயின்ற நாம் இங்கே ஒன்றைக் கவனிக்கிறோம். 'நேஷியோ' தன்மை ஒருமை வினை. 'நான் அறியேன்' என்பதே அதன் பொருள். 'இவனுக்குப் பெயரில்லை' என்பதன்று. அறியாமை எழுதுகிறவருடையது, எழுதப்படுகிறவருடைய குறையன்று. ஆயினும் உலகம் அதை மாற்றிப் படித்தது.

இத்தாலியில், பெற்றோர் அறியப்படாத பிள்ளையை 'என். என். என்பவரின் மகன்' என்று ஆவணங்கள் குறித்தன. சான்றிதழ் காட்ட வேண்டிய இடமெல்லாம் அந்த இழிவு அவனைப் பின்தொடர்ந்தது. 1955-ஆம் ஆண்டுச் சட்டமே சான்றிதழ்களிலும் அடையாளப் பத்திரங்களிலும் பெற்றோர் பெயர் குறிக்கும் வழக்கத்தை நீக்கியது.

திருச்சபையும் தன்னைத் திருத்திக்கொண்டது. திருமணத்திற்குப் புறம்பே பிறந்த குழந்தையின் பெற்றோர் பெயரைக் குறிக்க இயலாவிடில், 'அறியப்படாத தந்தையின் பிள்ளை' என்றோ 'அறியப்படாத பெற்றோரின் பிள்ளை' என்றோ திருமுழுக்குப் பதிவேட்டில் எழுதச் சொன்னது 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பின் 877-ஆம் சட்டம் அச்சொற்களைக் கைவிட்டது. அத்தகைய நிலையில் பிள்ளையின் பெயரை மட்டும் எழுதினால் போதும் என்றது.

இவ்விரு எழுத்துகளைக் கொண்டு கொடுமையை மறைத்தவர்களும் உண்டு. 1976 முதல் 1983 வரை அர்ஜென்டினாவில் இராணுவ ஆட்சி நடந்தது. கடத்திக் கொல்லப்பட்டோர் பலர் 'என். என்.' என்ற குறியோடு புதைக்கப்பட்டனர். பிரெஞ்சு நாட்டு அருட்சகோதரி லெயோனி டியூக்கே 1977 டிசம்பரில் கடத்தப்பட்டார். கடலோரம் ஒதுங்கிய அவர் உடலும் பெயரின்றியே புதைக்கப்பட்டது. 2005-இல் தடயவியல் மானிடவியல் அறிஞர்கள் எலும்புகளை ஆய்ந்து, அவர் இன்னாரென உறுதி செய்தனர். அதே ஆண்டில் புவனோஸ் ஐரிஸ் நகரின் திருச்சிலுவை ஆலய வளாகத்தில், தம் சொந்தப் பெயரோடு அவர் அடக்கம் பெற்றார்.

பெற்றோரே, 'அப்பன் பெயர் தெரியாதவன்' என்னும் வசை நம் தெருக்களிலும் கேட்கிறதன்றோ? பெரியவர் வாயிலிருந்துதானே பிள்ளைகள் அதைக் கற்கின்றனர்? திருமுழுக்கு வேளையில், "பிள்ளைக்கு என்ன பெயர்?" என்றே முதலில் கேட்கிறோம். அக்கேள்விக்குப் பின் ஆலயத்தில் எவரும் பெயரற்றவர் அல்லர். அவ்வசை இனி நம் இல்லங்களில் எழாதிருக்கட்டும். ஒருவரை நாம் அறியாவிடில், 'அறியேன்' என்று நம்மைப் பற்றியே சொல்வோம், அவரைப் பழியோம்.