நெஞ்சில் கோத்த நீர்: வற்றினால் போதுமா?

இருமலோடு பால் வெட்டுக்குப் போவதை நம் தோழர்கள் ஒரு வீரமாகவே கருதி வருகின்றனர். “சளிதானே, நாலு நாளில் போய்விடும்” என்பார்கள். நாலு நாள் நாற்பது நாளாகும். பிறகு ஒரு காலையில் பால் வாளியைத் தூக்க மூச்சு வராது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, “நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது” என்பார் டாக்டர். இந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு நிலைகள் அடங்கியிருப்பதைத் தொழிலாளர் குடும்பங்கள் அறிந்துகொள்வது அவசியமாகும்.

முதலாவது, நுரையீரலுக்கு உள்ளேயே நீர் ஊறுவது. இது பெரும்பாலும் இருதயக் கோளாறால் வருவது. இரத்தக் கொதிப்பாலோ மாரடைப்பாலோ இருதயம் தளர்ந்தால், நுரையீரலிலிருந்து வரும் இரத்தத்தை முழுவதும் தள்ள அதனால் இயலாது. பின்தங்கும் இரத்தத்தின் அழுத்தத்தால் நீர் கசிந்து காற்றறைகளில் நிறைகிறது. படுத்தால் மூச்சு முட்டும், நடு இரவில் எழுந்து உட்கார நேரும், கால் வீங்கும். இளஞ்சிவப்பு நுரையாகச் சளி வந்தால் பெரும் ஆபத்து. நோயாளியைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வைத்து, உடனே 999-க்குப் பேச வேண்டும். ஆஸ்பத்திரியில் பிராணவாயு கொடுத்து, நீரைச் சிறுநீராக இறக்கும் ஊசி போடுவார்கள். அதோடு தீராது, இருதயத்துக்கும் கொதிப்புக்கும் உரிய மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும்.

இரண்டாவது, நுரையீரலுக்கு வெளியே, அதைப் போர்த்தியுள்ள இரு சவ்வுகளுக்கு இடையில் நீர் சேருவது. அங்கே இயல்பாக இருப்பது இரண்டொரு தேக்கரண்டி நீர்தான். நோய் வந்தால் லிட்டர் கணக்கிலும் சேரும். மூச்சை இழுத்தால் விலாவில் குத்தும். வறட்டு இருமலும் காய்ச்சலும் வரும். காரணம் நிமோனியாவாக இருக்கலாம், புற்றுநோயாக இருக்கலாம், தளர்ந்த இருதயமாகவும் இருக்கலாம். காசநோயாகவும் இருக்கலாம். எது என்று அறிய, அந்த இடத்தை மரக்கச் செய்து, ஊசியால் சிறிது நீரெடுத்துச் சோதிப்பார்கள். ஊசி குத்தினால் ஆயுள் குறையும் என்ற பேச்சு வீண் பேச்சு.

நாம் அழுத்திக் கூற விரும்புவது ஒன்றுண்டு. காசநோயால் சேர்ந்த நீர் மருந்தில்லாமலே வற்றிவிடவும் கூடும்! அதைக் கண்டு ஏமாறக்கூடாது. இவ்வாறு நீர் கோத்த அமெரிக்கப் படையினரைத் தொடர்ந்து கவனித்து 1955-ல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 65 பேருக்குப் பின்னர் காசநோய் வெளிப்பட்டது. நீர் வற்றுவது வேறு, நோய் தீர்வது வேறு. வழக்கமான சிகிச்சை ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்து. இரண்டாம் மாதமே உடம்பு தேறியது போலிருக்கும். அங்கே நிறுத்தியவர் தம்மை மட்டுமல்ல, ஒரே கூரையில் உறங்கும் பிள்ளைகளையும் ஆபத்தில் தள்ளுகிறார்.

ஆனால் தொழிலாளியை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. ஒரு நாள் வெட்டாவிட்டால் ஒரு நாள் கூலி போகும் என்ற அச்சமே அவரை இருமலோடு மரத்தடிக்கு விரட்டுகிறது. கிராணி மேசையில் இருக்கும் நாமும் யோசிக்க வேண்டும். “நேற்று நன்றாகத்தானே வெட்டினான்” என்று சொல்லி, ஆஸ்பத்திரிச் சீட்டுக் கேட்டவரைத் திருப்பியனுப்பிய பாவம் நம்மில் சிலருக்கும் உண்டு.

சட்டம் தெளிவாக இருக்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு ஆண்டுக்கு 14 நாள். இரண்டாண்டு சேவைக்குப் பின் 18 நாள். ஐந்தாண்டுக்குப் பின் 22 நாள். ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள். 2023 ஜனவரி முதல் இந்த 60 நாள் தனிக் கணக்கு. டாக்டர் சீட்டு வேண்டும். 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்கவும் வேண்டும். தவறினால் அனுமதியின்றி வராதவராகக் கருதப்படுவார். எழுதத் தெரியாத தோழருக்காக அந்தத் தகவலைக் கொடுப்பது கிளைச் செயலாளரின் கடமை.

காசநோய் மருந்துக்காகக் கிளினிக்குக்குப் போய்வரும் நேரத்துக்குக் கூலி பிடிக்கக்கூடாது என நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறோம். எந்த நாட்டிலிருந்து வந்து நம்மோடு வெட்டுபவராயினும் அவருக்கும் இது பொருந்த வேண்டும். காசக்கிருமி பாஸ்போர்ட் பார்ப்பதில்லை.

தோழர்களே, இரண்டு வாரம் தாண்டிய இருமலை மறைக்காதீர்கள். பெரட்டில் பக்கத்தில் நிற்பவர் மூச்சு வாங்கினால், அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு ஆபீசுக்கு வாருங்கள்.