சான்றிதழுக்கு முன் சிகிச்சை

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் பருவத் தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். உடல்நலக் குறைவால் 65 விழுக்காடு வரை சரிந்தவர்கள், மருத்துவச் சான்றிதழ் கொடுத்துச் சலுகை பெறலாம். விதியில் குறையில்லை. ஆனால், பல கல்லூரிகளில் மாணவரின் உடல்நலம் நிர்வாகத்தின் கண்ணில் படுவதே இந்தக் கணக்கு வரும்போதுதான் என்பது வெட்கக்கேடு.

'மெடிக்கல் சென்டர்' என்ற பலகைக்குப் பின்னால் பல இடங்களில் இருப்பவை ஒரு கட்டில், ஒரு செவிலியர், சில பாராசிட்டமால் அட்டைகள். மாலையில் அதற்கும் பூட்டு. இரவில் காய்ச்சல் கண்ட விடுதி மாணவர் வார்டனை எழுப்ப வேண்டும். வார்டன் பெற்றோரிடம் போனில் சம்மதம் கேட்டபின் அவுட்பாஸ். பிறகு துணைக்கு ஆள், ஆட்டோவுக்குப் பணம். எதற்கு வம்பு என்று மாத்திரையை விழுங்கிவிட்டுப் படுத்துவிடுகிறார். டெங்குவில் காய்ச்சல் தணியும் ஓரிரு நாட்கள்தான் அபாயமான கட்டம் என்பது மருத்துவம் படித்தவர்களுக்குத் தெரியும். 'காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, கிளாசுக்குப் போ' என்று மாணவர் அனுப்பப்படுவதும் அந்த நாட்களில்தான்.

வருகைப்பதிவே பெரிதாகிப்போனதால், நோயுற்றவர் மருந்துச் சீட்டுக்கு முன்பே முத்திரை வைத்த சான்றிதழைத் தேடுகிறார். காசுக்குச் சான்றிதழ் தரும் கிளினிக்குகள் இருப்பதால், உண்மையாகவே படுத்துக் கிடந்தவரையும் துறைத்தலைவர் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறார். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்கிறது அரசு. அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஆனால், காசநோய் என்று தெரிந்தால் விடுதியில் இடம் போய்விடுமோ என்று பயப்படும் மாணவர் இருமலை மறைப்பார். அந்த மறைப்பின் விலையை அறைத்தோழர்களும் கொடுக்க நேரும்.

மனநலத்தில் இந்தப் பயம் இன்னும் ஆழமானது. விசாகப்பட்டினத்தில் விடுதியில் தங்கி நீட் தேர்வுக்குப் படித்த மாணவி இறந்த வழக்கில், 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நாடு முழுமைக்கும் 15 வழிகாட்டுதல்களை வகுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் தகுதிபெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும்; 'டெலி மானஸ்' உள்ளிட்ட உதவி எண்கள் விடுதியிலும் வகுப்பறையிலும் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பவை அவற்றில் சில. பாடம் நடத்தும் பேராசிரியர் ஒருவரின் பெயரை ஆலோசகர் என்று எழுதி ஒட்டிவிட்டால் இந்தக் கடமை தீர்ந்துவிடாது. இன்டர்னல் மதிப்பெண் போடுபவரிடமே எந்த மாணவர் மனம்விட்டுப் பேசுவார்?

ஆலோசகரிடம் மாணவர் சொன்னதைப் பெற்றோரிடம் மறைக்கலாமா என்று நிர்வாகங்கள் கேட்கின்றன. பிள்ளையை நம்பி ஒப்படைத்த பெற்றோரின் கவலை நியாயமானது. ஆனால், 18 வயது நிறைந்தவர் சட்டப்படி வளர்ந்தவர். அவருடைய சிகிச்சை விவரம் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். உயிருக்கு ஆபத்து என்ற நிலைக்கு அச்சட்டமே விலக்கும் தருகிறது. சொன்னால் வீட்டுக்குப் போகும் என்று தெரிந்த மாணவர் சொல்லவே மாட்டார். அப்போது பெற்றோருக்கும் ஒன்றும் தெரியாமலே போகும்.

செலவைக் காட்டித் தட்டிக்கழிப்பதையும் ஏற்க முடியாது. எல்லாக் கல்லூரியும் மருத்துவமனை கட்ட வேண்டியதில்லை. விடுதியில் இரவுப் பணிக்குச் செவிலியர், அவசரத்துக்கு ஒரு வண்டி, அருகிலுள்ள அரசு மருத்துவமனையோடு எழுத்துபூர்வமான ஏற்பாடு ஆகியவை எட்டக்கூடியவையே. அவசரத்தில் முதலில் மருத்துவமனை, பிறகு அவுட்பாஸ் என்பது விதியாக வேண்டும். அரசு மருத்துவமனையின் ஓ.பி. சீட்டையே வருகைச் சலுகைக்கு ஆதாரமாக ஏற்றால், போலிச் சான்றிதழ் வியாபாரமும் படுக்கும்.

இவற்றைக் கல்லூரிகளின் நல்லெண்ணத்துக்கு விட்டுவிடக் கூடாது. இணைப்பு அனுமதிக்காக ஆய்வுக்கு வரும் குழுக்கள், ஆய்வகக் கணினிகளை எண்ணுவதோடு நில்லாமல், விடுதிகளுக்கு இரவு பத்து மணிக்கும் முன்னறிவிப்பின்றிச் செல்லட்டும். அந்நேரத்தில் சிகிச்சைக்கு வழியில்லாத கல்லூரிக்கு, விடுதி நடத்தும் அனுமதியைப் புதுப்பிக்கக் கூடாது.